எழுத்தில் கண்ட நிறமும் திரையில் கண்ட நிறமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, இளைஞர்களே, முன்வரிசையில் ஜமக்காளத்தின் மீது அமர்ந்து, இந்தக் கிழவர் எப்போது முடிப்பார், நாடகம் எப்போது தொடங்கும் என்று காத்திருக்கும் குழந்தைச் செல்வங்களே!

ஆண்டுதோறும் இம்மேடையில் ஏதேனும் ஓர் இலக்கியப் பொருளைப் பற்றி அரைமணி நேரம் பேசும்படி என்னைப் பணிப்பது நம் சங்கத்தின் வழக்கம். வள்ளுவரையும் கம்பரையும் பற்றி நான் பேசியபோதெல்லாம் பொறுமையோடு கேட்டிருக்கிறீர்கள். இவ்வாண்டு மட்டும் பொருளை நானே கேட்டுப் பெற்றேன். நூல் ஒன்றைத் திரைப்படமாக்கும்போது, அதன் பாத்திரங்களை ஏற்க வரும் நடிகரின் நிறமும் இனமும், அப்பாத்திரங்களின் காதல் யாரிடத்துச் செல்கிறது என்பதும், அந்நூலின் அன்பர்களிடையே எத்தகைய சீற்றத்தைக் கிளப்புகின்றன என்பதே அப்பொருள். எழுபத்தெட்டு வயதில் சினிமாப் பேச்சு எதற்கு என்று என் துணைவியார் கேட்டார். காரணம் உண்டு, அதை இறுதியில் சொல்லுகிறேன்.

என் பேத்தியின் மேசையில் கிடந்த ஓர் ஆங்கிலப் புதினத்தை ஒரு கோடை விடுமுறையில் எடுத்துப் படித்தேன். சுசான் காலின்ஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி ஹங்கர் கேம்ஸ்' என்பது அதன் பெயர். கொடுங்கோல் அரசொன்று, தனக்கு அடங்கிய பன்னிரண்டு மாவட்டங்களிலிருந்தும் ஆண்டுதோறும் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும், பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதிற்குட்பட்டவர்களாகப் பார்த்துச் சீட்டுக் குலுக்கி எடுத்து, ஒருவரே எஞ்சும் வரையில் ஒருவரையொருவர் கொல்லும்படி களத்தில் இறக்கிவிடுகிறது. அவ்வாறு இறக்கப்பட்டவர்களுள் ரூ என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி. கதைத்தலைவியாகிய காட்னிஸுக்கு அவளைப் பார்க்கும்போதெல்லாம் வீட்டில் விட்டுவந்த தங்கையின் நினைவு வருகிறது. அச்சிறுமி ஈட்டி பாய்ந்து இறக்கிறாள். காட்னிஸ் அவளுடைய உடலைக் காட்டு மலர்களால் மூடுகிறாள். அவ்விடத்தில் நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

2012 மார்ச் மாதத்தில் இக்கதை திரைப்படமாக வந்தது. ரூவாக நடித்தவர் அமாண்ட்லா ஸ்டென்பெர்க் என்னும் சிறுமி. தாய் வழியில் ஆப்பிரிக்க அமெரிக்க வமிசத்தவர். படம் வெளியானதும், நூலை உயிரெனப் போற்றிய இளைஞர்களுள் சிலர் டுவிட்டரில் தங்கள் ஏமாற்றத்தைக் கொட்டித் தீர்த்தனர். நாங்கள் மனத்தில் கண்ட ரூ பொன்னிறக் கூந்தலுடைய வெள்ளைச் சிறுமி அல்லவா என்றனர். அவள் கறுப்பி என்று தெரிந்தபின் அவளுடைய சாவு தன்னை அவ்வளவாக வருத்தவில்லை என்றே ஒருவர் எழுதிவிட்டார். இந்தச் செய்திகளையெல்லாம் வேறொரு வாசகர் ஒன்றாகத் திரட்டி வெளியிட, பத்திரிகைகள் அதை எடுத்துப் பேசின. நூலின் அன்பர்களிலேயே மிகப் பலர் தங்கள் தோழர்களைக் கண்டித்தனர் என்பதையும் சொல்லவேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், நூலில் ரூவின் நிறம் ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டிருக்கிறது. கரும்பழுப்பு நிறத் தோலும் கரும்பழுப்புக் கண்களும் உடையவள் என்று ஆசிரியை அவளை அறிமுகப்படுத்தும் இடத்திலேயே சொல்லிவிடுகிறார். அவ்விடத்திலேயே, உருவத்திலும் நடையிலும் தன் தங்கையைப் போன்றவள் என்றும் காட்னிஸ் நினைக்கிறாள். தங்கை வெள்ளை நிறத்தவள். படித்தவர்கள் 'தங்கையைப் போன்றவள்' என்பதைப் பற்றிக்கொண்டனர். நிறத்தைக் கைநழுவ விட்டனர். அன்பு தோன்றிய கணத்திலேயே மனம் அவளை வெளுக்கச் செய்துவிட்டது. பின்னர்த் திரையில் கறுப்புச் சிறுமியைக் கண்டபோது, படம் எடுத்தவர்கள் நூலுக்குத் துரோகம் செய்தார்கள் என்று குற்றம் சாட்டினர். துரோகம் செய்தது யார்?

அமெரிக்கப் பிள்ளைகளைக் குறைசொல்லி நாம் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துபோய்விட முடியாது. நம் பாரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இயற்றிய வியாசர் கறுப்பு. கண்ணன் கறுப்பு. அருச்சுனன் கறுப்பு. வேள்வித் தீயிலிருந்து எழுந்த பாஞ்சாலிக்குக் கிருஷ்ணை என்றே பெயர். கறுப்பி என்பது அதன் நேர்ப்பொருள். ஆயினும் நம் வீட்டுச் சுவர்களில் தொங்கிய நாட்காட்டிகளில் எந்தப் பாஞ்சாலியைப் பார்த்தோம்? ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் நிறுவி வண்ணப்படங்களைக் குடிசைதோறும் கொண்டுசேர்த்தாரே, அது பெரிய தொண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த மரபில் வந்த படங்களில் நம் தேவியரெல்லாம் எலுமிச்சை நிறமும் ரோஜா நிறமும் பெற்றுவிட்டனர். கண்ணனுக்காவது நீலம் பூசிச் சமாளித்தார்கள். பாஞ்சாலிக்கு அந்த நீலமும் கிடைக்கவில்லை. தொலைக்காட்சியில் பாரதம் வந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் இந்தக் காலனித் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சிவந்த பாஞ்சாலியைக் கண்டு நம்மில் ஒருவரும் நூலுக்கு மாறாக இருக்கிறதே என்று முறையிடவில்லை. நானும் முறையிடவில்லை.

நிறம் மாறினால் கதை கெட்டுவிடும் என்பாருக்கு நம் நாடக மேடையின் வரலாற்றையும் நினைவூட்ட விரும்புகிறேன். சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் வள்ளியும் சீதையும் மீசை முளைக்காத பையன்கள்தாம். தி.க. சண்முகம் அவர்கள் ஒளவையாராக மேடையேறினார். நரை திரண்ட மூதாட்டியாக ஓர் ஆண்மகன் நிற்கிறாரே என்று எவரும் கலகம் செய்யவில்லை. 'அவ்வை' என்பதையே அவர் பெயரோடு சேர்த்து வழங்கினார்கள். 1953-இல் ஒளவையார் திரைப்படமானபோது கே.பி. சுந்தராம்பாள் அம்மையார் அவ்வேடத்தை ஏற்றார். அதையும் மக்கள் கொண்டாடினார்கள். ஆக, மனம் இசைந்துவிட்டால் கண்ணுக்கு எதுவும் தடையில்லை. மனம் எதற்கு இசைகிறது, எதற்கு இசைய மறுக்கிறது என்பதே ஆராயத்தக்கது.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: 'அப்படியானால் யாருக்கு எந்த வேடத்தைக் கொடுத்தாலும் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும் என்கிறீரா?' இல்லை ஐயா, இல்லை. இரசிகர்கள் சீறியதும் நியாயமாக இருந்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லுகிறேன்.

2005 முதல் 2008 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' என்னும் சித்திரத் தொடர் ஒளிபரப்பாகியது. சீனம், ஜப்பான், திபெத், வடமுனைப் பழங்குடி மக்கள் ஆகியோரின் உடையையும் எழுத்தையும் போர்க்கலையையும் கொண்டு புனைந்த உலகம் அது. அதைத் திரைப்படமாக்கியவர் எம். நைட் சியாமளன். இவர் 1970-இல் நம் புதுச்சேரி ஆட்சிப் பகுதியைச் சேர்ந்த மாஹேயில் பிறந்தவர். 'நம்மவர்' என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் உரிமை நமக்குண்டு, சொல்லியும் இருக்கிறோம். 2008 இறுதியில் நடிகர்களின் பெயர்கள் வெளிவந்தன. முதன்மை வேடங்கள் நான்குமே வெள்ளை நடிகர்களுக்கு. இரசிகர்கள் கடிதம் எழுதும் இயக்கமே தொடங்கினார்கள். பின்னர் ஒருவர் விலக, அவ்விடத்துக்குத் தேவ் பட்டேல் வந்தார். எந்த வேடம் அது? பகை நாடாகிய நெருப்பு நாட்டின் இளவரசன்! 2010-இல் படம் வந்தபோது, உலகைக் காப்பவர்கள் வெள்ளையர். அதை எரிக்க வருபவர்கள் நம்மைப் போன்ற மாநிறத்தவர். அப்படம் மற்றக் காரணங்களாலும் வசைபட்டது. அவ்வாண்டின் மிக மோசமான படம் என்னும் ராஸ்பெரிப் பட்டமும் பெற்றது. அதை விடுங்கள்.

அந்த இரசிகர்களின் கோபத்தை நான் உடனே புரிந்துகொண்டதற்கு வேறொரு காரணம் உண்டு. நான் அரசாங்க வேலை ஏற்று இந்தத் தலைநகருக்கு வந்தது 1969-இல். சில ஆண்டுகளுக்குப் பின் என் மகன் படித்த பள்ளியில் தசரா விடுமுறைக்கு முன் இராமகதை நாடகம் போடுவார்கள். நம் காலனியிலிருந்து சென்ற பிள்ளைகள் நால்வருக்கும் ஆண்டுதோறும் இராவணன் படையில் நிரந்தர உத்தியோகம். ஒருமுறை என் மகன் இலட்சுமணன் வேடம் கேட்டிருக்கிறான். அவனுக்கு மனப்பாடம் எல்லாரையும்விட நன்றாக வரும். ஆசிரியை சிரித்துவிட்டு அவன் கன்னத்தைத் தட்டினாராம். வீட்டில் வந்து சொன்னான். 'அரக்கனுக்குத்தான் சண்டைக் காட்சி அதிகம்' என்று நான் சமாதானம் கூறினேன்.

ரூவுக்கு எழுந்த எதிர்ப்பும் ஏர்பெண்டருக்கு எழுந்த எதிர்ப்பும் 'நூலுக்கு மாறு' என்னும் ஒரே சொல்லைத்தான் வழங்கின. ஒன்று பொய், மற்றது மெய் என்று எப்படிப் பிரிப்பது? மூலத்தைத் திறந்து பார்ப்பது முதல் வழி. அதுமட்டும் போதாது, யாருக்குக் கதவு திறக்கிறது, யாருக்கு மூடுகிறது என்றும் பார்க்கவேண்டும். பெர்ல் பக் அம்மையாரின் 'தி குட் எர்த்' 1931-இல் வந்த புதினம். சீன உழவர் குடும்பத்தின் கதை. 1937-இல் அது திரைப்படமானபோது, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சீனக் குடும்பத்தில் பிறந்து பேர்பெற்ற நடிகையாக இருந்த அன்னா மே வாங், உழவனின் மனைவி ஓ-லான் வேடத்தைப் பெரிதும் விரும்பினார். கணவன் வேடத்துக்குப் பால் முனி என்னும் வெள்ளை நடிகர் அமர்த்தப்பட்டிருந்தார். வெவ்வேறு இனத்தார் கணவன் மனைவியாகத் திரையில் தோன்றுவதற்கு அந்நாளைய தணிக்கை நெறி இடம் தராது என்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. எனவே ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெயினர் சீனத்தி வேடமிட்டார்; ஆஸ்கார் பரிசும் பெற்றார். அன்னாவுக்குக் காட்டப்பட்டது, குடும்பத்தைக் குலைக்கும் ஆசைநாயகி லோட்டஸின் வேடம். அவர் வேண்டாம் என்று மறுத்து, 1936-இல் தம் முன்னோரின் சீனத்துக்குக் கப்பலேறினார். சீனர் கதையில் சீனத்திக்கு இடமில்லை! இதைக் கதவடைப்பு என்னாமல் வேறென்ன சொல்வது?

இதற்கு நேர்மாறானது பீட்டர் புரூக் என்னும் ஆங்கிலேயர் எடுத்த மகாபாரதம். 1985-இல் பிரான்சு நாட்டு அவீஞோனில் ஒன்பது மணி நேர நாடகமாக அரங்கேறி, 1989-இல் படமாக வந்தது. அதில் பாஞ்சாலி மட்டும் நம் மல்லிகா சாராபாய். தருமர் போலந்து நாட்டவர், அருச்சுனன் இத்தாலியர், பீமன் செனகல் நாட்டு மமதூ தியூம். நண்பர் ஒருவர் கொண்டுவந்த நாடாவில் முதன்முதலாக அதைப் பார்த்தபோது நானும் ரூவைக் கண்டு சினந்த பிள்ளைகளைப் போலவே நெளிந்தேன் என்பதை மறைக்காமல் சொல்லுகிறேன். 'பீமன் ஆப்பிரிக்கனா?' என்று வாய்விட்டே கேட்டேன். போலந்து தருமரையும் இத்தாலி அருச்சுனனையும் பற்றி என் வாய் ஒன்றும் கேட்கவில்லை என்பது சில ஆண்டுகள் கழித்தே எனக்கு உறைத்தது. பீஷ்மராக வந்தவர் சோதிகி குயாத்தே, மேற்கு ஆப்பிரிக்கர். அங்கே கிரியோ என்று ஒரு குலம் உண்டு; அரசர்களின் வமிசவரலாற்றையும் வீரக்கதைகளையும் வாய்மொழியாகப் பாடி வழிவழியாகக் காப்பவர்கள். நம் பழைய பாணர் குடியைப் போன்றவர்கள் எனலாம். அக்குலத்தில் பிறந்தவர் அவர். நெடிய, மெலிந்த, கறுத்த உருவம். அவர் அம்புப் படுக்கையில் கிடந்தபோது, பிதாமகர் கிடக்கிறார் என்றுதான் நான் கண்டேன். நம் நாட்டறிஞர் சிலர் அம்முயற்சியைக் கடுமையாகக் குறைகூறினர். நம் மண்ணிலிருந்து கதையை வேரோடு பிடுங்கிவிட்டார் என்றனர். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அந்தப் பீஷ்மரை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இனி, கூட்டத்தில் பேசச் சற்றே தயங்கும் பகுதிக்கு வருகிறேன். தாய்மார்கள் பொறுத்தருள வேண்டும். லில்லியன் ஹெல்மன் 1934-இல் எழுதிய 'தி சில்ரன்ஸ் ஹவர்' என்னும் நாடகத்தில், இரு தோழியர் சேர்ந்து பெண்கள் பள்ளி ஒன்று நடத்துகின்றனர். அவ்விருவரும் ஒருவர்மீது ஒருவர் காதல் கொண்டவர்கள் என்று ஒரு மாணவி பழி கிளப்புகிறாள். பள்ளி அழிகிறது. இறுதியில் தோழியருள் ஒருத்தி, அப்பழியில் தன்னளவில் உண்மை உண்டு என்று உணர்ந்து உயிர் துறக்கிறாள். வில்லியம் வைலர் 1936-இல் இதைப் படமாக்கியபோது, தணிக்கைக்கு அஞ்சி, தோழியின் வருங்காலக் கணவனோடு இவளுக்குத் தொடர்பு என்று பழியையே மாற்றிவிட்டார்கள். 'தீஸ் த்ரீ' என்று பெயரையும் மாற்றினார்கள். திரைக்கதையை மாற்றி எழுதியவரும் ஹெல்மனே. அதே வைலர் 1961-இல், தணிக்கை நெறி தளர்ந்த ஆண்டில், உண்மைக் கதையோடும் உண்மைப் பெயரோடும் மீண்டும் எடுத்தார். முதற்படத்தில் தோழியாக நடித்த மிரியம் ஹாப்கின்ஸ் இதில் முதிய அத்தையாக வருகிறார். தோழியாக நடித்த ஷர்லி மக்லைன், படப்பிடிப்பு நடந்த நாட்களில் அந்தக் காதலைப் பற்றித் தாங்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவே இல்லை என்று பின்னாளில் கூறினார். படம் எடுத்தவர்களுக்கே வாய் அடைத்துப்போயிருந்தது.

நம் குழந்தைகள் அறிந்த ஹாரி பாட்டர் கதையிலும் இதன் சாயல் உண்டு. தலைமையாசிரியர் டம்பிள்டோர், ஆண்பால் மீதே காதல் கொண்டவர் என்றே தாம் கருதியதாக அதன் ஆசிரியை ரௌலிங் 2007 அக்டோபரில் நியூயார்க் கூட்டம் ஒன்றில் சொன்னார். ஆறாம் படத்தின் திரைக்கதையில் அம்முதியவர் தம் இளமையில் விரும்பிய பெண்ணொருத்தியைப் பற்றிப் பேசும் வரி இருந்ததாகவும், ஓரத்தில் குறிப்பெழுதி அதை நீக்கச் செய்ததாகவும் கூறினார். கூட்டம் கைதட்டியது. வெளியே, 'கெடுத்துவிட்டாரே' என்று ஒருசாராரும், 'இதை நூலிலேயே எழுதியிருக்க வேண்டாமா' என்று மற்றொரு சாராரும் முழங்கினர். இரண்டாமவர் கேள்வியே எனக்கு நியாயமாகப் படுகிறது. முதல் சாராரை நான் ஒன்று கேட்பேன்: ஏழு நூல்களிலும் நீங்கள் போற்றிய அந்தக் கிழவரின் அறிவிலோ, அன்பிலோ, குறையிலோ இதனால் எந்த எழுத்து மாறியது? நம் நாட்டிலும் 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இத்தகைய அன்பு குற்றமன்று என்று தீர்ப்பளித்துவிட்டது. இக்காலனியில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. நம் பிள்ளைகளுள் ஒருவரேனும் இந்த மண்டபத்தில் தலைகுனிந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும் என்பதை எண்ணியே, தயங்கினாலும் பேசினேன்.

இப்பொருளை நான் கேட்டுப் பெற்ற காரணத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

சென்ற ஆண்டு இதே மேடையில் பாஞ்சாலி சபதத்தைத் தழுவி நம் பிள்ளைகள் நாடகம் நடத்தினார்கள். பாராட்டினீர்கள். நாடகக் குழுவின் தலைவன் நான். ஒத்திகை தொடங்கிய நாளில் பாஞ்சாலியாக நாங்கள் தேர்ந்தது ஒன்பதாம் வகுப்பில் படித்த ஒரு சிறுமியை. பெயர் வேண்டாம். அவள் குரல் கடைசி வரிசைக்கும் கேட்கும். ழகரமும் றகரமும் பிசகா. பத்து நாட்கள் கழித்து, குழுவில் இருந்த சிலர் என்னைத் தனியே அழைத்தார்கள். 'பெண் கெட்டிக்காரிதான், ஆனால் மேடை விளக்குக்கு நிறம் போதாது. புகைப்படத்தில் எடுபடாது. மலரில் அட்டைப் படமாகப் போடவேண்டுமே' என்றார்கள். வேண்டுமானால் பவுடரைக் கூடுதலாகப் பூசலாம் என்று நான் சொன்னேன். என்னுடைய வீரம் அவ்வளவுதான். மூன்றாம் நாள் வேடத்தை மற்றொரு பெண்ணுக்கு மாற்றினோம். அவளும் நன்றாகவே செய்தாள், அவள்மீது குற்றமில்லை. ஆனால் பாட்டு வராது. ஆகவே முதற்பெண் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பாடினாள். சபையில் எழுந்த அந்தக் குரலைக் கேட்டு நீங்கள் கைதட்டியது முன்னால் நின்ற முகத்துக்கு.

வேடம் மாற்றிய அன்று மாலை அவள் வசனத் தாள்களைத் திருப்பிக் கொடுக்க என் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் குடித்தாள். 'தாத்தா, பாஞ்சாலி கறுப்புன்னு நீங்கதானே முதல் நாள் சொன்னீங்க?' என்றாள். ஆம், நான்தான் சொல்லியிருந்தேன். கிருஷ்ணை என்ற பெயரின் பொருளை விளக்கி, பெருமையாகச் சொல்லியிருந்தேன். அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் மாதத்தில் அவள் தந்தைக்கு வெளியூர் மாற்றல் உத்தரவு வந்தது. அவர்கள் குடியிருந்த வீட்டில் இப்போது வேறொரு குடும்பம். நான் இரண்டு கடிதங்கள் எழுதினேன். பதில் வரவில்லை, வரவேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை.

இவ்வாண்டு நாடகத்துக்கு வேடம் தேர்ந்தபோது, பிள்ளைகளைத் திரைக்கு அப்பால் நிறுத்தி, எண் மட்டும் சொல்லி வசனம் பேசச் செய்தோம். குழுவினர் இப்பால் அமர்ந்து காதால் கேட்டு மதிப்பெண் இட்டோம். அமெரிக்காவின் இசைக்குழுக்கள் வாத்தியக்காரர்களைத் தேர்வதற்கு நெடுநாளாகக் கையாளும் முறைதான் இது. குழுவில் இருவர் இதை ஒப்பாமல் விலகிக்கொண்டார்கள். அவர்கள் இன்று இரண்டாம் வரிசையில் அமர்ந்திருப்பதைக் கண்டு மகிழ்கிறேன். அட்டைப் படம் இவ்வாண்டு யாருடையதும் இல்லை. குத்துவிளக்கு ஒன்றை அச்சிட்டிருக்கிறோம்.

உள்ளே மணி அடித்துவிட்டார்கள். பிள்ளைகள் அரிதாரத்தோடு காத்திருக்கிறார்கள்.